முழங்கால் தேய்மானமும் குளுக்கோசமைன் மாத்திரையும்

குளுக்கோசமைன் என்பது நைட்ரஜன் சேர்ந்த ஒரு சர்க்கரை. மனித உடல் அதைக் குளுக்கோசிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம் ஆகியவற்றின் கட்டுமானத்தில் அதற்குப் பங்கு உண்டு. உடலுக்கு வெளியே அது ஏராளமாக இருக்கும் இடம் இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் ஓடு. ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் லெடர்ஹோஸ் 1876இல் சிங்கி இறாலின் ஓட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சி இந்தச் சர்க்கரையை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். இன்றைய ஆலைகளும் பெரும்பாலும் ஓட்டையும் அமிலத்தையும் நம்பித்தான் இயங்குகின்றன. பூஞ்சையிலிருந்தும், மக்காச்சோளத்தை நொதிக்க வைத்தும் எடுக்கப்படும் சைவ வகைகளும் சந்தையில் உண்டு.

இந்தச் சர்க்கரை மூட்டு மருந்தானதற்குக் காரணம் மூட்டுத் தேய்மானம் என்ற நோயின் தன்மை. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. ஆகவே அது சிதைந்தால் தோல் ஆறுவதுபோல் ஆறாது. வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை எனப் பல காரணங்களால் அது மெலிகிறது. அடியிலுள்ள எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் எலும்பு முளைக்கிறது, மூட்டைச் சுற்றியுள்ள தசை நலிகிறது. மாடிப்படி இறங்கும்போது வலி, தரையில் உட்கார்ந்து எழ முடியாமை, காலையில் சில நிமிடங்கள் நீடிக்கும் இறுக்கம், சாயங்காலம் வீக்கம் என்று அது வெளிப்படுகிறது. ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று வீடுகளில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தேய்ந்துபோன பொருளின் மூலக்கூறையே வாய்வழியாகக் கொடுத்தால் தேய்மானம் நிரம்பிவிடாதா என்ற எண்ணம் எவருக்கும் எளிதில் வரும். ஜேசன் தியோடொசாகிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1997இல் வெளியிட்ட ‘தி ஆர்த்ரைடிஸ் க்யூர்’ என்ற நூல் இந்த எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. நாய்களுக்கும் குதிரைகளுக்கும்கூடக் குளுக்கோசமைன் வாங்கிக் கொடுக்கப்படுகிறது.

உடல் அத்தனை நேர்வழியில் நடப்பதில்லை. விழுங்கிய குளுக்கோசமைனில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடுகிறது. மிஞ்சியது ரத்தத்தில் கலந்து, மூட்டை அடையும்போது மிகச் சொற்பமாகிவிடுகிறது. ஆய்வுக்கூடத் தட்டுகளில் குருத்தெலும்புச் செல்களை அது காப்பாற்றிக் காட்டிய சோதனைகளில் பயன்பட்ட செறிவு, மாத்திரையால் ரத்தத்தில் எட்டக்கூடிய செறிவைவிடப் பல மடங்கு அதிகம்.

பரிசோதனை முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பெல்ஜியத்தின் ஜான்-இவ் ரெஜின்ஸ்டர் குழு 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கையூட்டியது. முழங்கால் தேய்மானம் உள்ள 212 பேர் 3 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். தினமும் 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன் சல்பேட் எடுத்தவர்களுக்கு மூட்டு இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.31 மில்லிமீட்டர் குறுகியிருந்தது. பிராகில் 202 பேரிடம் நடந்து அடுத்த ஆண்டு வெளியான ஆய்வும் அதையே சொன்னது. இரண்டிலும் மருந்தைத் தயாரித்த நிறுவனத்தின் தொடர்பு இருந்தது. அதனாலேயே அவை பொய் என்றாகிவிடாது. ஆனால் தொடர்பில்லாதவர்கள் செய்து பார்க்க வேண்டிய தேவை எழுந்தது.

அமெரிக்க அரசின் நிதியில் நடந்த ‘கெய்ட்’ ஆய்வு 2006இல் வெளிவந்தது. 1,583 பேர் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 24 வாரங்கள் மாத்திரை பெற்றனர். முழங்கால் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் பலன் என்று கணக்கு. குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு எடுத்தவர்களில் 64 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போலி மாத்திரை எடுத்தவர்களிலும் 60.1 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்திருந்தது. வலிநிவாரணியான செலிகாக்சிப் மட்டுமே 70.1 சதவீதத்துடன் தெளிவாக முந்தியது. நடுத்தரம் முதல் கடும் வலி வரை உள்ள சிறு பிரிவினருக்குக் குளுக்கோசமைனும், குருத்தெலும்பின் மற்றொரு கூறான காண்ட்ராய்டினும் சேர்ந்து உதவியதாக ஓர் அறிகுறி தென்பட்டது. அந்தப் பிரிவில் ஆட்கள் குறைவு என்பதால் அதை உறுதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூட்டுவலி ஏறி இறங்கும் வலி என்பதையும், தாங்க முடியாத நாட்களில்தான் மக்கள் புது மாத்திரையைத் தொடங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 60 சதவீதம் வியப்பளிக்காது. ‘எனக்குக் கேட்டது’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பொய் இல்லை. எதனால் கேட்டது என்பதுதான் தெரியாது.

பத்துப் பரிசோதனைகளின் 3,803 பேரை ஒன்றாக வைத்துக் கணித்த 2010ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ ஆய்வும், நோயாளி உணரத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்றே முடித்தது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரி 2019 வழிகாட்டுதலில் முழங்கால், இடுப்பு, கை மூட்டுத் தேய்மானத்துக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பும் அதைப் பரிந்துரைப்பதில்லை. எதிர்த்திசையில் எலும்பு மூட்டு நோய்களுக்கான ஐரோப்பிய வல்லுநர்களின் எஸ்கியோ அமைப்பு நிற்கிறது. மருந்துத் தரத்தில் தயாராகும் படிக வடிவ சல்பேட்டை மட்டும், தொடக்கநிலைச் சிகிச்சையாகவே ஏற்கிறது. ஆக, குளுக்கோசமைன் விஷயத்தில் பலன் சந்தேகத்துக்குரியது, தீங்கு பெரும்பாலோருக்குச் சிறியது. எடுப்பதா வேண்டாமா என்பதை அந்த இரண்டையும் எடைபோட்டே முடிவுசெய்ய வேண்டும். தீங்கு சிறிதாக இல்லாத சிலரும் இருக்கிறார்கள் என்பதால்தான் பாதுகாப்பைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வலி எதனுடையது என்று தெரிய வேண்டும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம், இரு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கும் விரல் மூட்டுகள் ஆகியவை முடக்குவாதத்தின் அடையாளங்கள். ஒரே இரவில் கால் கட்டைவிரல் சிவந்து துடித்தால் யூரிக் அமிலம் காரணமாக இருக்கலாம். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் தொடரும் மூட்டுவலி இன்னொரு வகை. இவை எதற்கும் குளுக்கோசமைன் மருந்தாகாது. முடக்குவாதத்தில் முதல் சில மாதங்கள் மிக முக்கியம். அவற்றை மருந்துக்கடை மாத்திரையில் கழித்தால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடலாம். காய்ச்சலோடு சேர்ந்து ஒரு மூட்டு மட்டும் சூடாக வீங்கியிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரை சல்பேட், ஹைட்ரோகுளோரைடு என இரு உப்பு வடிவங்களில் வருகிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்ட அளவு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம். ஒரே வேளையாகவோ, 500 வீதம் மூன்று வேளையாகவோ, 750 வீதம் இரண்டு வேளையாகவோ எடுக்கிறார்கள். அட்டையில் அச்சாகியிருக்கும் எண் உப்பின் எடையா, தூய குளுக்கோசமைனின் எடையா என்று பார்ப்பது நல்லது. 1,500 மில்லிகிராம் சல்பேட்டில் குளுக்கோசமைன் சுமார் 1,178 மில்லிகிராம்தான். அதே எடையுள்ள ஹைட்ரோகுளோரைடில் சுமார் 1,250. 1,500ஐத் தாண்டி எடுத்தால் கூடுதல் பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாக விழுங்க வேண்டியதும் இல்லை. வெறும் வயிற்றில் எடுத்தால் சிலருக்கு நெஞ்சு எரியும், குமட்டும். சாப்பாட்டோடு எடுத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

சல்பேட் வடிவம் தனியே நிலைத்திருக்காது என்பதால் சோடியம் குளோரைடோ பொட்டாசியம் குளோரைடோ சேர்த்தே தயாரிக்கிறார்கள். சோடியம் சேர்ந்த வகையில் நாளளவில் சுமார் 150 மில்லிகிராம் சோடியம் உள்ளே போகும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் தினசரி வரம்பு 2,000 மில்லிகிராம் என்பதால் ஆரோக்கியமானவருக்கு இது பொருட்டல்ல. இதயம் பலவீனமாகி உப்பைக் கண்டிப்பாகக் குறைத்திருப்பவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பொட்டாசியம் சேர்ந்த வகை சிறுநீரகம் பாதித்தவர்களுக்குச் சிக்கல். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இந்தியாவில் குளுக்கோசமைன் தனியாக எழுதப்படுவதைவிடக் கூட்டு மாத்திரையாக எழுதப்படுவதே அதிகம். காண்ட்ராய்டின், எம்.எஸ்.எம்., கொலாஜன், வைட்டமின் டி, குங்கிலியச் சாறு என்று அதில் பலவும் கலந்திருக்கும். அவற்றுள் கவனித்துப் பார்க்க வேண்டிய பெயர் டையாசெரின். 750 மில்லிகிராம் குளுக்கோசமைனோடு 50 மில்லிகிராம் டையாசெரின் சேர்ந்த மாத்திரைகள் நம் மருந்துக்கடைகளில் சாதாரணம். டையாசெரின் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியது, கல்லீரலையும் பாதிக்கக்கூடியது. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது: 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு உகந்ததல்ல, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது, தொடக்கத்தில் பாதி அளவுதான், வயிற்றுப்போக்கு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்காக மாத்திரை சாப்பிடுவோரில் 65ஐக் கடந்தவர்களே ஏராளம் என்பது இங்கே மறக்கக்கூடாத செய்தி. ‘மூட்டு மாத்திரை’ தொடங்கியபின் வயிறு ஓயாமல் போனால் குற்றவாளி குளுக்கோசமைனாக இல்லாமல் அதன் கூட்டாளியாக இருக்கலாம். சிறுநீர் அடர்மஞ்சளாவதும் டையாசெரினால் வருவதே. அது மட்டுமென்றால் ஆபத்தில்லை.

குளுக்கோசமைனே நேரடியாக ஆபத்தாகும் இடம் ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் மருந்தோடு அது சேரும்போது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களும், இதயத்துடிப்பு ஒழுங்கற்றவர்களும், காலில் ரத்தம் கட்டியவர்களும் வார்ஃபரின் அல்லது இந்தியாவில் அதிகம் வழங்கும் அசெனோகூமரால் எடுக்கிறார்கள். இந்த மருந்துகளின் அளவு மயிரிழையில் நிற்பது; ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை வழியாக அடிக்கடி சரிபார்க்கப்படுவது. பலருக்கு அந்த எண் 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். நிலையாக இருந்த எண், குளுக்கோசமைன் தொடங்கியபின் உயர்ந்ததாகப் பல நாடுகளிலிருந்து அறிக்கைகள் வந்துள்ளன. எண் உயர்ந்தால் மூக்கிலும் ஈறிலும் தொடங்கி மூளை வரை எங்கும் ரத்தம் கசியலாம். பிரிட்டனின் மருந்துக் கையேடு இரண்டையும் சேர்த்து எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. இப்படிப்பட்டவருக்கு, சந்தேகத்துக்குரிய ஒரு பலனுக்காக இந்த ஆபத்தை ஏற்பதில் நியாயமே இல்லை. ஏற்கெனவே இரண்டையும் எடுத்துக்கொண்டிருப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தினாலும் எண் மாறக்கூடும் என்பதால் நிறுத்தும்போதும் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை. மூட்டு மாத்திரையை ‘சத்து மாத்திரை’ என்று நினைத்து, ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்ற கேள்விக்கு விடையாக அதைச் சேர்ப்பதே இல்லை.

சர்க்கரை நோயாளிகள் அஞ்சுவது வேறொன்று: பெயரிலேயே குளுக்கோஸ் ஒலிக்கும் சர்க்கரை இது. விலங்குகளுக்கு நரம்பு வழியே அதிக அளவில் செலுத்தியபோது இன்சுலினின் வேலை மந்தமானது உண்மை. ஆனால் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரை நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்கு 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைனும் 1,200 மில்லிகிராம் காண்ட்ராய்டினும் 90 நாட்கள் கொடுத்தும், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ1சி குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 38 பேர் மட்டுமே என்பதால் முழு நிம்மதி அடைய முடியாது. தொடங்கிய முதல் சில வாரங்கள் வீட்டில் சர்க்கரையைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்வது போதுமானது.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நிலைமை சற்றுக் குழப்பமானது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் இருப்பது சதையில். மாத்திரை தயாராவது ஓட்டிலிருந்து. இறால் ஒவ்வாமை உள்ள 15 பேருக்கு இறால் ஓட்டுக் குளுக்கோசமைனைக் கொடுத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில் எவருக்கும் உடனடி எதிர்வினை வரவில்லை. ஆயினும் சுத்திகரிப்பு எல்லா ஆலைகளிலும் ஒரே தரத்தில் நடப்பதில்லை. இறால் சாப்பிட்டு மூச்சுத் திணறியவர் பூஞ்சை அல்லது மக்காச்சோள வகையைக் கேட்டு வாங்குவதே சரி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு கூடியதாகவும், கண் அழுத்த நோயாளிகளுக்குக் கண்ணின் அழுத்தம் ஏறியதாகவும் சிறு அளவிலான அறிக்கைகள் உண்டு. கண் மருத்துவரிடம் போகும்போது இந்த மாத்திரையையும் சொல்லிவிடுவது நல்லது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆகியோரிடம் போதிய பரிசோதனை நடக்கவில்லை. அவர்களுக்கு இது வேண்டாம்.

பொதுவாக வரும் பக்கவிளைவுகள் லேசானவை: வயிற்று உப்புசம், மலச்சிக்கல் அல்லது இளகிய மலம், தலைவலி, அசதி, சில வேளை தோல் அரிப்பு. முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், உடலெங்கும் தடிப்பு ஆகியவை வந்தால் மாத்திரையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. கண் மஞ்சளாவதும் சிறுநீர் கறுத்துப்போவதும் அதன் அறிகுறிகள்.

புட்டியில் இருப்பது என்ன என்ற கேள்வி தனி. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குளுக்கோசமைன் ஒரு துணை உணவு. விற்பனைக்கு முன் பலனை நிரூபிக்கத் தேவையில்லை. ஐரோப்பாவின் சில நாடுகளில் அதுவே மருந்து. இந்தியாவில் இரண்டு வேடத்திலும் கிடைக்கிறது: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் பொறித்த துணை உணவாகவும், மருந்து உரிம எண் பொறித்த மாத்திரையாகவும். துணை உணவு வகையில் சைவ, அசைவக் குறியும் இருக்கும். ஓட்டிலிருந்து எடுத்ததா என்பதற்கு அதுவே முதல் தடயம். கனடா ஆய்வாளர்கள் 2002இல் 14 குளுக்கோசமைன் சல்பேட் தயாரிப்புகளைச் சோதித்தபோது, அட்டையில் போட்ட எடையோடு ஒப்பிட உள்ளே இருந்த குளுக்கோசமைன் 41 முதல் 108 சதவீதம் வரை மாறியிருந்தது. ஆய்வில் பயன்பட்ட மாத்திரையும் கடையில் வாங்கிய மாத்திரையும் ஒன்றுதான் என்று எண்ணிவிட முடியாது.

குறைவாக இருப்பதைவிட மோசமானது சொல்லாத ஒன்று கலந்திருப்பது. மூட்டுவலிக்கான துணை உணவு என்று விற்கப்பட்ட ‘ஆர்ட்ரி கிங்’ என்ற மாத்திரையில் டைக்ளோஃபெனாக் வலிநிவாரணியும் டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டும் ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் கண்டறிந்து எச்சரித்தது. வயிற்றில் ரத்தக்கசிவு, கல்லீரல் பாதிப்பு, திடீரென நிறுத்தியபோது ஸ்டீராய்டு குறைவால் வரும் சரிவு என்று அதன் விளைவுகள் நீண்டன. குளுக்கோசமைன் வேலை செய்வதாக இருந்தாலும் மெதுவாகத்தான் செய்யும். வலி தணிய 4 முதல் 8 வாரங்கள் ஆகும். ‘இரண்டே நாளில் எழுந்து நடக்க வைத்தது’ என்று ஒரு மூட்டு மருந்து பேர் வாங்கினால், பாராட்டுவதற்கு முன் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

அந்த மெதுவான வேகமே எவ்வளவு காலம் எடுப்பது என்பதையும் தீர்மானிக்கிறது. எல்லாம் யோசித்து எடுத்துப் பார்க்க முடிவு செய்தவர், தொடங்கும் நாளிலேயே நிறுத்திப் பார்க்கும் நாளையும் நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். மூன்று மாதம் தாராளமான கெடு. முதல் நாள் வலிக்கு 10க்கு எத்தனை, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, மாடி ஏற எத்தனை தடவை நின்றார் என்று எழுதிவைத்து, கெடு முடிந்ததும் ஒப்பிட்டால் போதும். மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடலாம். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, நிறுத்தியதால் உடல் தவிக்காது. மாற்றம் இருப்பதாகத் தோன்றினாலும் சில வாரங்கள் நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். வலி திரும்பாவிட்டால் அந்தச் செலவு இனி தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் பழக்கத்தால் மட்டும் விழுங்கப்படும் மாத்திரைகளில் இது ஒன்று, விலையும் குறைவில்லை.

இந்த மூன்று மாதமும் மாத்திரையை மட்டும் நம்பிக் காத்திருப்பது வீண். தொடையின் முன்பக்கத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிக்கு இருக்கும் சான்று குளுக்கோசமைனுக்கு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிச் சில நொடிகள் பிடித்து இறக்குவதுகூட அதன் தொடக்கம்தான். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது. வலி மிகுந்த நாட்களில் மருத்துவர் சொன்ன வலிநிவாரணியையோ மேலே தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பையோ பயன்படுத்தத் தடையில்லை. இரவிலும் தூங்க விடாத வலி, கால் வளைதல், மூட்டு மடங்காமல் பூட்டிக்கொள்ளுதல் ஆகியவை வந்தால் மாத்திரையின் கெடு முடியும்வரை காத்திராமல் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிவானால், எடுத்துவரும் மற்ற மருந்துகளின் பட்டியலில் குளுக்கோசமைனையும் எழுதி மயக்க மருத்துவரிடம் கொடுக்க வேண்டும்.